அவர் பக்கத்துச் சுவர்

பங்குனி, இரண்டாம் ஞாயிறு.
சேர்வராயன் சரிவில் நேற்றிரவு
சிவப்பாய் ஊர்ந்த தீக்கோடு
விடிந்தபோது வெறும் புகை.
கன்னங்குறிச்சி மாடிகளில்
வெயில் இன்னும் கடிக்கத் தொடங்கவில்லை.
சித்திரை பிறந்தால் தளத்தில் கால் வைக்க முடியாது.
அதற்குள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

மழைக்குழாய் வாயில் வேப்பஞ்சருகு.
சருகுக்கு அடியில் ஒரு டென்னிஸ் பந்து,
போன வருஷத்து யாருடைய சிக்ஸரோ.
தண்ணீர்த் தொட்டி மூடியில் கீறல்.
கைப்பிடிச் சுவர் இடுக்கில்
இரண்டே இலையோடு ஓர் அரசங்கன்று.
இழுத்தேன். இலைகள் வந்தன,
வேர் வரவில்லை.
அதற்கென்ன, தவணையில்லாமல் குடியிருக்கிறது.
எனக்கு இன்னும் பதினோரு வருஷம் பாக்கி.

இலியாஸ் வந்தார், காதில் பென்சில்.
மூன்று பக்கமும் சுற்றினார்.
நகத்தால் சுரண்டி
விரலில் ஒட்டிய வெண்பொடியை
வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார்.
"வெடிப்பைக் கீறி விட்டுத்தான் பூசணும்.
மேலாக்க பூசினா ஆடியில திரும்ப வாயத் திறக்கும்.
தளத்துக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் ரெண்டு கோட்டு."
பிறகு பென்சிலை நீட்டினார்:
"நாலாவது பக்கம்?"

நாலாவது பக்கத்தில்
அர்த்தநாரியின் தறிக்கூடமும் கொடிக்கயிறும்.
என் சுவர்தான், ஆனால் அவர் மண்ணில் நின்றால்தான் தெரியும்.
மூன்று ஐப்பசிக்கு முன்
என் மழைக்குழாய்த் தண்ணீர்
அவர் பாவு நூலை நனைத்தது.
அன்று பேசிய பேச்சு அதிகம்.
அதன்பின் பேசவே இல்லை.
ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
எது யாருடையதென்று சீட்டு ஒட்டுகிறவள் நான்.
கூரையிலிருந்து இறங்கிவிட்ட மழைக்கு
எந்த முகவரி எழுதுவது?

இரண்டு முறை செருப்பைப் போட்டுக் கழற்றினேன்.
மூன்றாம் முறை போய் நின்றேன்.
"ஏணி வைக்கணுங்க. ரெண்டே நாளு."
தறிச்சத்தத்தில் கேட்டதோ இல்லையோ
அவர் எழுந்து கேட்டைத் திறந்தார்.
கொடியில் காய்ந்த துணிகளை
ஒவ்வொன்றாய் எடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பார்த்தேன்
என் வீட்டை, எட்டு வருஷத்தில் முதல் முறையாக.
பெயின்ட் இல்லை, வெறும் பூச்சு.
குழாய்க்குக் கீழே தரை வரைக்கும்
காய்ந்த பாசியின் கருங்கோடு,
மை கொட்டிய நோட்டுப்போல.
அதன் அருகில் ஓடியது வெடிப்பு,
மேலிருந்து கீழ்.
ஆனால் பாதியில் நின்றிருந்தது.
பாதிக்குக் கீழே யாரோ
சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள்,
கொத்தனார் வேலை இல்லை,
விரல்தடம் அப்படியே பதிந்திருந்தது.
ஒரு ஸ்டூல் போட்டு ஏறினால்
ஒரு கை எட்டக்கூடிய உயரம்வரை.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவர் வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னார்:
"தெனமும் கண்ணுல பட்டுச்சு."

இலியாஸ் நிற அட்டையை விரித்தார்.
முன்பக்கம் சந்தனம், முடிவாகிவிட்டது.
"இந்தப் பக்கம் என்ன கலர் போடலாம்?"
வழக்கமாய் என்னைத்தான் கேட்பார்கள்.
பார்க்கப்போவது நான் இல்லையே.
அட்டையை அர்த்தநாரியிடம் தள்ளினேன்.
"உங்க செவுரு, உங்க இஷ்டம்" என்று
உள்ளே போய்விட்டார்.
தறி ஓடியது, நின்றது.
ஜன்னல் வழியாக வந்தது குரல்:
"மஞ்ச மட்டும் வேணாம்.
சாயங்கால வெயிலு பட்டா கண்ணு கூசும்."

நீலம் கலந்த சாம்பல், இரண்டு வாளி.
திங்கட்கிழமை ஏணி ஏறியது.
குழாயைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.