ஐந்தாம் பருவம்

விர்வே முதலில் கேட்டது விலையை.
பிறகுதான், எந்த மாதம் நல்லது என்று.

செப்டம்பர் கடைசி வாரம் என்றேன்.
பிர்ச் மரங்கள் மஞ்சளாகும்,
சதுப்பில் பாசி சிவக்கும்,
மாலை ஐந்தரைச் சூரியன்
எல்லா முகங்களையும் ஒரே மாதிரி மன்னிக்கும்.
வெள்ளைச் சட்டை வேண்டாம்.
ஓட்ஸ் நிறம், சாம்பல், கொஞ்சம் பாசிப்பச்சை.
கட்டம் போட்டது ஒருவர் மட்டும்.
பத்தொன்பது வருடமாய் வில்யாண்டியில் ஸ்டூடியோ,
மூச்சு விடாமல் சொல்வேன் இதை.

செப்டம்பரில் ஹில்லார் எல்க் வேட்டைக்குப் போய்விட்டார்.
நல்ல வெளிச்சம் அவருக்கும் தேவைப்பட்டது,
வேறு காரியத்துக்கு.

ஜூன் என்றால்
துர்க்கு கப்பல் பட்டறையிலிருந்து யோசெப் வருவான்.
இரவு பதினொன்றுக்கும் படம் எடுக்கலாம்,
அவ்வளவு வெளிச்சம்.
கொசுக்களுக்கும் அது தெரியும்.
இருபத்திரண்டு படங்கள்.
ஒவ்வொன்றிலும் யாரோ யாரையோ
அறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜனவரிக்கு நான்தான் ஆசை காட்டினேன்.
பனி கீழிருந்து ஒளி கொடுக்கும்,
சுருக்கம் தெரியாது, என்றெல்லாம்.
குட்டி லீசுவுக்கு மூக்கு ஒழுகியது.
எபே காரை விட்டு இறங்கவே இல்லை,
கண்ணாடியை ஏற்றிவிட்டு
வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தாள்.
மூன்றரைக்கு இருட்டிவிட்டது.
அந்தக் குளிர்காலம்தான் அவளும் தாவெத்தும் பிரிந்தது.
படத்தில் எத்தனை பேர் என்றே தெரியாதபோது
எந்த லென்ஸை எடுத்துப்போவது?

இந்தச் சோமா பக்கத்து ஆட்களுக்கு
நான்கு பருவம் போதாது.
பனி உருகி
ஆறு கரையை மறந்து
காட்டுக்குள் நடக்கத் தொடங்கும் நாட்களை
ஐந்தாம் பருவம் என்பார்கள்.
என் முன்பதிவு நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

ஏப்ரல் நான்காம் தேதி போன் வந்தது.
மூன்று படியில் இரண்டைத் தண்ணீர் விழுங்கிவிட்டது,
நிலவறை உருளைக்கிழங்கைத் தூக்க
எல்லாரும் வந்திருக்கிறார்கள்.
எல்லாரும், என்று மறுபடி சொன்னாள் விர்வே.
எப்படி வருவது என்றேன்.
பாலத்தடியில் தாவெத் படகோடு நிற்கிறான்.

சாலை இருந்த இடத்தில் வானம் கிடந்தது.
ஆப்பிள் மரங்கள் அதில் இடுப்பளவு இறங்கி நின்றன.
தாவெத் பேசவில்லை.
தபால்பெட்டியை இடிக்காமல் வளைந்தான்,
அது எங்கே இருக்கிறதென்று
தண்ணீருக்கடியிலும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெளிச்சம், அரிசி கழுவிய நீர்.
நிழல் என்று ஒன்றுமில்லை.
ஆரஞ்சு மழைக்கோட்டு,
மார்புவரை ரப்பர் கால்சட்டை,
கட்டம் போட்டவர்கள் நான்கு பேர்.
வராந்தாவில் மேசை, மேசைமேல் ஃப்ரீசர்,
ஃப்ரீசர்மேல் நாய்.

அசையாதீர்கள் என்றேன்.
எங்கே போவது என்றார் ஹில்லார்,
எல்லாருக்கும் சிரிப்பு வந்தது,
அழுத்திவிட்டேன்.

வீட்டில் திறந்து பார்த்தால்
வராந்தாவில் ஏழு பேர், தண்ணீரில் தலைகீழாய் ஏழு பேர்.
யோசெப் கண்ணை மூடியிருந்தான்,
தண்ணீரிலும்தான்.
கீழ் விளிம்பில் படகின் மூக்கு,
அதைத் தாண்டி நீண்டு
வராந்தாக் கம்பியை இறுக்கிய ஒரு கை.
படகு ஆடாமலிருக்கப் பிடித்தது.
கம்பளிக் கையுறை, கட்டைவிரலில் ஓட்டை.

எபேயைக் கூப்பிட்டேன்.
அந்தக் கையை வெட்டிவிடட்டுமா?
அந்தப் பக்கம் யாரோ தட்டு கழுவும் சத்தம்.
நிறைய நேரம் கழுவினார்கள்.
"அது இல்லாவிட்டால்
படம் ஆடியிருக்கும் இல்லையா," என்றாள்.
விலையில் எதுவும் குறைக்கச் சொல்லவில்லை.

இப்போது புதுச் சண்டை, எங்கே மாட்டுவது என்று.
அவர்கள் கூடத்துச் சுவரில்
வெள்ளம் வந்த உயரத்துக்கெல்லாம் பென்சில் கோடு.
எல்லாவற்றுக்கும் மேலே என்கிறாள் விர்வே.
அங்கே மாட்டினால்
எனக்குத் தெரியாதே என்கிறாள் லீசு,
ஸ்டூல் இழுத்துக்கொண்டு வருகிறாள்.