ஐந்தாம் மாடிக் கயிறு

தாக்கேத்தாவில் வீடு வாங்கப் போனால்
கதவைப் பார்க்காதே, கயிற்றைப் பார்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
எதிர் தேநீர்க் கடையில்
மூன்று மாலை உட்கார்ந்து நானே கண்டது.

ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு இறங்குகிறது,
நுனியில் கிளிப்பு, மேல்முனையில் சின்ன மணி.
பேப்பர்க்காரன், கரண்ட் பில், கடன் பாக்கிச் சீட்டு,
யாரும் படியேறுவதில்லை.
கிளிப்பு தேய்ந்து பளபளத்தால் ஆள் குடியிருக்கிறது.
துருவேறினால் காலி.
"பதினாறு வீடும் நிறைஞ்சிருக்கு"
என்றான் தரகன் கோ ஸோ நைங்.
துரு ஐந்து.

பாலம் திறந்தாச்சு, பஸ் வந்தாச்சு,
தையல் பாக்டரிக்கு நாலாயிரம் பெண்கள் வரப்போறாங்க,
அவன் வாயிலேயே ஊர் வளர்ந்துகொண்டிருந்தது.
விலை தொள்ளாயிரத்து அறுபது லட்சம் கியாட்,
மாத வாடகை ஐந்து லட்சம்.
"பதினாறே வருஷம், போட்ட காசு கையில."

பாயின்னாவுங் சந்தையில் உளுந்து வாங்கி விற்கிறேன்.
ஒரு மணியைக் கடித்து
மூட்டையின் ஈரம் சொல்வேன்.
சுவரைக் கடிக்க முடியாது.
மழை விட்ட மறுநாள் போய்
வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
சில்லென்றது. எடுத்தபோது
கையோடு வந்தது பெயிண்ட்.

வருஷத்தில் ஒரு மாதம் காலி கிடக்கும்: ஐந்து.
மராமத்து ஆறு. மோட்டாருக்கும்
படிக்கட்டு பல்புக்கும் ஒன்று.
அறுபது நாற்பத்தெட்டானது,
பதினாறு இருபதானது.
எனக்கு இப்போது நாற்பத்து மூன்று.
அறுபத்து மூன்றில்
இந்த ஐந்து மாடியை யார் ஏறுவது?

குடியிருப்பவள் மா தீரி,
ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எண்ணுகிறவள்.
நான் நாடா பிடித்து ஜன்னலை அளந்தபோது
கட்டிலை நகர்த்தித் தந்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அவள் சோற்றுப் பானையைத் தாண்டித்தான்
என் லாபத்தை நான் அளக்க வேண்டியிருந்தது.
"ரெண்டு வருஷமா ஒரே வாடகையா? அடுத்த தடவை கொஞ்சம் ஏத்தலாம்"
என்று வாய் தானாகச் சொன்னது.
அது என் வாய் அல்ல,
தாமுவேயில் என் வீட்டுக்காரருடையது.
ஆறு மாத வாடகையை முன்கூட்டி எண்ணி வாங்கிக்கொண்டு
ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லும் அதே வாக்கியம்,
அதே 'கொஞ்சம்'.

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்தபின்தான்
நாடா மேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.
அண்ணாந்தேன்.
கயிறு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.
கிளிப்பில் என் நாடா,
அதற்கடியில் நான்காய் மடித்த தாள்,
வட்ட வட்டமான பர்மிய எழுத்து:

தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஏறும்.
மேல்வீட்டுக் குழாய் ஒழுகி என் கழிப்பறையில் சொட்டுகிறது.
வடக்குச் சுவருக்கு வருஷம் இரண்டு தடவை
சுண்ணாம்பு அடித்து மறைக்கிறார்கள்.
இதையெல்லாம் சொல்லுங்கள், நாற்பது லட்சம் குறைப்பார்கள்.
குறைத்தால்
மூன்று வருஷம் என் வாடகையை ஏற்றாதீர்கள்.

தேநீர் ஆறும்வரை கணக்குப் போட்டேன்.
மாதம் அரை லட்சம் ஏற்றினாலும்
மூன்று வருஷத்தில் பதினெட்டுதான்.
இவள் தருவது நாற்பது.
தரகனுக்கும் தெரியாத கணக்கு,
எனக்கும் தோன்றாத கணக்கு.
ரத்தம் எண்ணுகிறவள்
எந்த அணு குறைகிறதென்று
பார்த்த உடனே கண்டுவிடுகிறாள்.

கோ ஸோ நைங் வெற்றிலையைத் துப்பிவிட்டு
"என்ன அக்கா, முடிச்சிடலாமா?" என்றான்.
"சுவர் ஈரம்" என்றேன்.
"மேல்வீட்டுக் குழாய்" என்றேன்.
அவன் முகம் கொஞ்சம் வெளுத்தது.

கயிறு இன்னும் என் தலைக்கு நேரே தொங்குகிறது.
எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை,
எழுதினால் எழுதினதுதான்.
கயிற்றைப் பிடித்து
ஒருமுறை இழுத்தேன்.
மேலே மணி அடித்தது.
அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ,
கிளிப்பு மெல்ல ஆடி ஆடி
ஏறிப் போனது, வெறுமையாக.