அரைப்பேர்

காசில்லை என்றார்கள்.
அதனாலேயே முதல் வாரம் ஒருவரும் போகவில்லை.
காசில்லாமல் எங்களுக்கு வந்ததெல்லாம்
தேர்தலுக்கு முன்னால் கூரைத் தகரம்,
அதுவும் பாதி லயத்துக்கு.
சபைக்காரங்களா, கட்சிக்காரங்களா என்று
பீலிக்கரையில் விசாரித்தோம்.
இரண்டும் இல்லையாம்.
நோர்வூட் டவுனில் போன் கடையில் நிற்கிற பிள்ளை,
ரிஸ்மினா, இருபத்துநாலு வயசு,
புதனும் சனியும் கடை பூட்டியதும்
சாக்பீஸ் பெட்டியோடு ஏறி வருகிறாள்.

இரண்டாம் வாரம் போனோம்.
பிள்ளைக் காம்பராவில் வகுப்பு.
நாற்காலிகள் மூன்று வயசுக்கு அளவெடுத்தவை;
முழங்கால் தாடையை முட்ட உட்கார்ந்தோம்.
சுவரெல்லாம் பால்மா வாசம்.
ஸ்டோரில் ரோதை ஓட்டுகிற ஆரோக்கியத்தின் கொப்பியில்
முதல் பக்கமே எண்ணெய்க் கைரேகை.
குவைத்தில் ஆறு வருசம் இருந்த வேளாங்கண்ணிக்கு
இரண்டு சொல் முன்னமே தெரியும்: யெஸ், மேடம்.
"நோ எப்படி எழுதுறது?" என்று
அவள்தான் முதலில் கேட்டாள்.
ரோட்டோரக் கடை குணவதி சிங்களத்தி.
டீச்சர் தமிழில் சொல்ல, நாங்கள் சிங்களமாக்க,
மூன்று கை மாறித்தான்
அவளுக்கு இங்கிலீஷ் போய்ச் சேரும்.

"வாட் இஸ் யுவர் நேம்?"
நேம் என்றால் பேர்.
பெருமாயி பெருமூச்சு விட்டாள்:
"இன்னைக்கு அரைப்பேர்தான் தாயி.
விடியவிடிய மழை. பதினோரு கிலோ."
நாங்கள் சிரித்தோம். டீச்சருக்கு விளங்கவில்லை.
அன்றைக்கு நாங்கள் பாடம் எடுத்தோம்:
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டு கிலோ கொழுந்துக்கு முழுப்பேர்,
குறைந்தால் அரை,
மலைக்குப் போகாத நாள் பேரே இல்லை.
அவள் கையிலிருந்த சாக்பீஸ் கொஞ்ச நேரம்
பலகையைத் தொடவில்லை.

அடுத்த சனி, சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொன்னாள்.
இருபத்தாறு வருசமாய்
பத்தாம் தேதி வாங்கி முந்தியில் முடிந்த காகிதம்.
அடியில் இருக்கிற தொகையைத்தான் பார்ப்போம்,
மேலே இருப்பதெல்லாம் எறும்பு.
எறும்புகளைப் பிடித்து ஒவ்வொன்றாய் நிறுத்தினாள்:
யூனியன். தேத்தூள். தீபாவளி அட்வான்ஸ். கோயில்.
"கோயிலா?" ஆரோக்கியம் எழுந்துவிட்டார்,
குட்டி நாற்காலியும் கூடவே எழுந்தது.
"நான் வேதக்காரனாச்சே!"
எட்டு வருசமாய் மாரியம்மனுக்குக் கட்டியிருக்கிறார்.
"ஆத்தா கணக்கு வச்சிருப்பா" என்றாள் பெருமாயி.

என் துண்டில் முதல் வரி என் பேர்.
எழுத்தெழுத்தாய்க் கூட்டினேன்.
முதலில் ஒரு சீ.
அப்புறம் ஒரு புள்ளி.
அப்புறம் ரங்காயி.

சீரங்காயி நான்.
எந்தக் கிளாக்கர் ஐயாவோ, எந்தக் காலத்திலோ,
பேரின் தலையை வெட்டி
இனிஷியல் என்று புள்ளி குத்தியிருக்கிறார்.
என் அப்பன் வீரமுத்து. அவன் அப்பன் கருத்தான்.
சீ என்று தொடங்கும் ஆம்பிளை
எங்கள் வம்சத்திலேயே இல்லை.
முழுப்பேருக்கு ஓடி ஓடிக்
கொழுந்து எடுத்த நாளிலும்
துண்டில் நான் அரைப்பேர்.

பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.
"ஒரு புள்ளிக்கா இவ்வளவு? சரி, கடிதம் குடு,
இங்கிலீசில்" என்றார்,
அதோடு முடிந்தது என்ற நினைப்பில்.

புதன்கிழமை பதினோரு பேர் கூடி எழுதினோம்.
டியர் சேர் வேணுமா, சேர் மட்டும் போதுமா என்று
அரைமணி நேரச் சண்டை.
டியர் என்றால் அன்புள்ள என்றதும்
வேளாங்கண்ணி அதை வெட்டச் சொன்னாள்.
கரண்ட் போனது.
குணவதி போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.
மை நேம் இஸ் என்று எழுதி
பேனாவைத் தூக்காமல், ஒட்டி ஒட்டி,
இழுத்துக்கொண்டே போனேன்;
கோட்டைத் தாண்டித்தான் முடிந்தது என் பேர்.

ஒன்றரை மாதம். பதில் இல்லை.
இந்தத் துண்டிலும் அந்தப் புள்ளி
ஈ எச்சம் மாதிரி அங்கேயே இருக்கிறது.
இதற்கும் ஒரு சொல் உண்டாம்:
ரிமைண்டர்.
அதற்கு ஒரு எம்மா, இரண்டு எம்மா என்று
சனிக்கிழமை பார்க்க வேண்டும்.