இரண்டே கைகள்

துலூத் நகரில் ஏரி உறைந்த சனிக்கிழமை.
கடை மேசையில் நான்கு பெட்டிகள்.
நான்கிலும் சாம்பல் நாரை,
நான்கிலும் அதே தாடை.

பேருந்து ஓட்டும் லோர்ன்
கனமானதைத் தூக்கிக் குலுக்கினான்.
உள்ளே பணக்காரச் சத்தம்.
"எழுபத்திரண்டு பொம்மையாம்!"

மாரென் கட்டைவிரலால்
நாரையின் முகத்தை மூடினாள்.
"இப்போது சொல், உன் முறை வந்தால் என்ன செய்வாய்?"
பின்னட்டையைப் படித்தான்:
பகடை உருட்டுவேன். நகர்வேன். மறுபடியும் உருட்டுவேன்.

பரமபதத்துக்கு அங்கி மாட்டியிருக்கிறார்கள்,
பாம்புக்குப் பதில் வில்லன்.

இரண்டாவதில் விதிகளே நாற்பது பக்கம்;
நாம் சீட்டு அடுக்கி முடிப்பதற்குள்
உலகம் அழிந்திருக்கும்.
மூன்றாவதை ஆடியிருக்கிறேன்.
அதில் நாரை தோற்கவே மாட்டான்.
என் தங்கை பாதியில் தூங்கிப்போனாள்.

நான்காவது, மூலை நசுங்கிய சின்னப் பெட்டி.
ஓவியம் சுமார்தான்.
காமிக்ஸில் அவனுக்கு ஊரின் எல்லாக் கூக்குரலும் கேட்கும்,
இருப்பதோ இரண்டே கைகள்.
இதிலும் அப்படியே:
சுற்றுக்கு மூன்று அபாயச் சீட்டு,
இரண்டு மரக்காய்.

விரித்துப் பார்த்தோம்.
மருத்துவமனையில் தீ.
பாலத்தில் தொங்கும் பேருந்து.
படகுத்துறையில், உடைந்த பனிமேல், ஒரு நாய்.

முதல் காயை மருத்துவமனையில் வைத்தான் லோர்ன்.
இரண்டாவது கையிலேயே இருந்தது,
வெளியே பனி வாரும் வண்டி
தெருக்கோடி போய்த் திரும்பும்வரை.

"நாய் வெறும் சீட்டுதான்" என்றேன்.
"தெரியும்" என்றான்.
படகுத்துறையில் வைத்தான்.

"பேருந்தில்தான் ஓட்டுநர் இருக்கிறாரே."