நாற்பத்துமூன்று ஆணிகள்

விசுவமடு, கூட்டுறவுச் சங்க மண்டபம்.
உரமூடைகளை ஒரு மூலைக்குத் தள்ளிச்
சாக்கால் மூடினோம்.
யூரியா மணத்தை மூட முடியவில்லை.

இடப்பக்கச் சுவர் போர்.
வலப்பக்கச் சுவர் சமாதானம்.
அப்படித்தான் கடிதத்தில் இருந்தது.

ஆணி அடிக்க என்னைக் கேட்டார்கள்,
உனக்குத்தான் கை நடுங்காதே என்று.
வாரத்தில் ஆறு நாள் முழங்காலில் இருந்து
சாண் சாணாய் மண்ணைச் சுரண்டுகிறவள் நான்.
கண்ணிவெடி எடுக்கையில் நடுங்காத கை
சும்மா கிடைத்த ஞாயிறில்
சுத்தியலைப் பிடித்ததும் வியர்த்தது.
எங்கள் வேலையில் எதையும் தட்டக்கூடாது.

போர்ச் சுவர் பத்து மணிக்கே நிறைந்துபோயிற்று.
சிவப்பு முடிந்து
கடைசி மூன்று பேர் குங்குமம் குழைத்திருந்தார்கள்.
சமாதானச் சுவரில் பதினொரு புறாக்கள்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி
ஒரே இலையைக் கவ்வியபடி.
அது என்ன இலை என்றார் முகாமையாளர்.
வேம்பு என்றாள் ஒருத்தி.
பாவட்டை என்றான் பக்கத்தில் நின்றவன்.
கீறினவர்களுக்கே தெரியவில்லை.

படங்களின் கீழே பெயர் இல்லை, இலக்கம்தான்.
அதை ஒருவரும் முன்மொழியவில்லை,
ஒருவரும் மறுக்கவுமில்லை.
பெயர்ப் பட்டியல்
நாலாய் மடித்து
நவமலர் அக்காவின் பேர்ஸில்,
மருந்துத் துண்டுகளுக்கிடையில்.

பதினொன்றரைக்கு
மடிப்புக் கலையாத சேட்டோடு ஒருவர் வந்தார்.
நல்ல தமிழ். சில சொற்கள் மட்டும்
அப்போதுதான் பெட்டி பிரித்து எடுத்தவை போல.
ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்தார்,
இலக்கமும் விழும்படி.
இருபத்தாறில் நின்றார்.
ஒரு சைக்கிள், கரியரில் தலையணை,
ஓட்ட ஆளில்லை.
"இது நல்ல வடிவு. யார் கீறினது?"
நவமலர் அக்கா சோடாவை நீட்டினாள்.
"குடியுங்கோ தம்பி, என்ன வெயில்."
குடித்தார்.
போத்தலை வாங்கும்போது
பேர்ஸ் அவள் கக்கத்தில் இன்னும் ஒருக்கால் இறுகியது.

அவர் போன பிறகு
தருமகுலசிங்கம் வந்தார்,
தோளில் ஒரு தறப்பாள் சுருள்.
விரித்தோம். ஓரத்தில்
பாதி அழிந்த நீல எழுத்து, முகாம் காலத்தது.
அதன்மேல் நெல்.
தகரத்துக்கு அடிக்கிற பச்சைப் பெயின்றில்
தாள் தாளாய், ஐந்து ஏக்கர்.
கிழக்குப் பக்கம் ஒரு துண்டு மட்டும் பூசாமல்.

"முடிக்கேல்லையோ ஐயா?" என்றான் ஒரு பெடியன்.
நான் கேட்கவில்லை.
அந்தத் துண்டின் வளைவு எனக்குத் தெரியும்.
மொட்டைப் பனையடியில் தொடங்கி
வாய்க்காலோடு ஒடுங்கும்.
எங்கள் கந்தோர்ச் சுவரிலும் அது தொங்குகிறது,
சிவப்புக் கோட்டுக்குள், ஓர் இலக்கத்தோடு.
அதைப் பார்க்க ஒருவரையும் நாங்கள் அழைத்ததில்லை.

எந்தச் சுவர்?
முகாமையாளர் நெல்லைப் பார்த்து வலப்பக்கம் என்றார்.
நவமலர் அக்கா அந்தத் துண்டைப் பார்த்து
இடப்பக்கம் என்றாள்.
"எங்கயெண்டாலும் போடுங்கோ," என்றார் அவர்.
"ஆணி மட்டும் அடியாதேங்கோ.
பின்னேரம் கொண்டுபோகவேணும்.
வெட்டின நெல்லு வெளியில கிடக்கு,
மூட வேற தறப்பாள் இல்லை."

நிலத்தில் விரித்தோம்.
சனம் வயலில் நின்று புறாக்களைப் பார்த்தது.
பூசாத துண்டில் ஒரு சின்னது குந்தி
பிஸ்கட் தின்றது.
எனக்கு அடிவயிறு இழுத்தது.
வெறும் தறப்பாள் என்று தெரியும்.
தெரிந்துகொண்டே
அதன் கால்களுக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்,
அது எழும்பிப் போகும்வரை.

ஐந்து மணிக்கு ஆணிகளைப் பிடுங்கினேன்.
துளைகளை அடைத்துத் தரவேண்டும், சங்கத்து நிபந்தனை.
பற்பசையால் அடைத்துக்கொண்டிருக்கையில்
தருமகுலசிங்கம் வயலைச் சுருட்டியபடி கேட்டார்,
"மாரிக்கு முதல் வருவியளோ, பிள்ளை?"

எங்கள் பட்டியலில் அவருக்கு முன்னால் இரண்டு காணிகள்,
ஒரு பள்ளிக்கூட வளவு.
நாற்பத்துமூன்று துளைகள்.
முப்பதுவரை எண்ணினது ஞாபகம்.