ஈடுகல்

சானெட்டி மேட்டில் ஏழாம் காலை.
கூடாரத் துணி உறைந்து
அப்பளமாய் மொறுமொறுத்தது.
முளை இருந்தது. கயிறு இருந்தது.
டாமா இல்லை.

ஆறு நாளில் பதினோரு ஓநாய்களை எண்ணிய நாங்கள்
இருந்த ஒரு குதிரையை எண்ணாமல் தூங்கிவிட்டோம்.

அலிய்யி யாரையும் திட்டவில்லை.
அவன் குதிரை, அவன் போட்ட முடிச்சு.
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு
குளம்படி தேடி இறங்கினான்.
சரிவெங்கும் லொபீலியாக்கள், ஆளுயரத்துக்கு மேல்,
பனிமூட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு குதிரை.
ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

குதிரை இல்லாத புல்வெளியில்
எங்கள் சாமான்கள் கிடந்த கிடப்பு இருக்கிறதே!
இரண்டு அடுப்பு. மடக்கு நாற்காலி.
ஃபன்டாயே ஒருமுறையும் விரிக்காத குடை.
அந்த இரும்புப் பெட்டி.
வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள்போல
நடுவில் நின்றோம்.
"இவ்வளவுமா?" என்றாள் ஃபன்டாயே.
காப்பி வைத்தாள். உப்புப் போட்டாள்.
வேறு பேச்சில்லை.

உச்சிவேளைக்கு வந்தார்கள் இருவரும்.
ஓடைக்கு அப்பால்
யாருடையதோ ஒரு பெட்டைக் குதிரையோடு நின்றதாம்.
சொல்லும்போது அலிய்யிக்குச் சிரிப்பு,
டாமாவின் பிடரியில் இன்னும் ஈரம்.

சேணம் ஏறியது. வலப்பக்கம் பெட்டி.
இடப்பக்கம் பார்லி மூட்டை, பாதிதான் இப்போது.
அதற்குள் அவன் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான்,
கீழே ஆற்றில் எடுத்தது, உருண்டை,
பிள்ளைத் தலை அளவு.
மூன்றாம் நாளிலிருந்தே இருக்கிறதாம்.
நாங்கள் தின்னத் தின்ன
அது கல்லாகச் சுமந்திருக்கிறது.

"கல் எதற்கு? பெட்டியில் பாதியை
இந்தப் பக்கம் மாற்றினால் ஆகாதா?"

"பெட்டி உங்களுடையது," என்றான்,
வார் இறுக்கிக்கொண்டே.
"பூட்டும் உங்களுடையது.
கல்தான் என்னுடையது."

சாவி என் கழுத்தில்தான் தொங்கியது.
ஆறு நாளாய், சட்டைக்குள், சூடாக.

திறந்தோம்.
தீர்ந்த பேட்டரிகள், கால் ஒடிந்த தொலைநோக்கி,
யாரும் நிரப்பாத படிவங்கள் ஒரு கட்டு.
பேட்டரிகள் என் பையில். படிவங்கள் அவள் பையில்.
ஃபன்டாயே குடையை ஊன்றி நடந்தாள்.

டாமா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.
ஒரு காதை மட்டும் அசைத்தது, ஈக்காக இருக்கலாம்.

கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன்:
வளையிலிருந்து தலை நீட்டிய எலி ஒன்று
தன் வாசலுக்குப் புதிதாய் வந்த கல்லைப்
பார்த்துவிட்டு
உள்ளே போயிற்று.