கடைசியாக நடப்பவள்

வரிசையின் கடைசியில் நடப்பது என் வேலை.
கேட்டை மூடுவது, தலைகளை எண்ணுவது,
யாராவது மூச்சு வாங்கி நின்றால்
'அடடா, என்ன காட்சி' என்று
நானும் கூடவே நின்றுகொள்வது.

வெள்ளி இரவு வேனில் வந்து இறங்கினோம்,
வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து பெர்வின் மலைக்கு,
என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர்.
பழைய பள்ளிக்கூடம், இப்போது விடுதி.
கரும்பலகையில் இன்னும் பாடம் இருந்தது:
வெந்நீர் ஆளுக்கு நான்கு நிமிடம்.

குறட்டைக்காரர்களுக்குத் தனி அறை.
டெஸ்மண்ட், பாசில்,
அப்புறம் யாரும் பெயர் சொல்லாமலே
ரோசலிண்ட்
தலையணையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்,
நாடு கடத்தப்படும் ராணி போல.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே
மலையைக் காணோம்.
ஈரத் துண்டை முகத்தில் போட்டது மாதிரி மூடுபனி.
முன்னால் போகிறவரின் மழைக்கோட்டு
சிவப்பு, பிறகு வெளிறிய சிவப்பு,
பிறகு வெறும் பேச்சு.

பேச்சு மட்டும் நிற்காது.
எங்களுக்கு மலை ஒரு சாக்கு.
ஹிலரியின் புது முழங்கால்,
தக்காளிச் செடியில் விழுந்த நோய்,
நான்காம் வருடமாக பாசிலின் விவாகரத்து.
கடைசி ஆளுக்கு எல்லாமே
காற்று கடித்த மிச்சம்தான்:
'...அதற்கப்புறம் அவன் அந்தப் படகையே...'
எவன்? எந்தப் படகு?
ஓடிப்போய்க் கேட்கவா முடியும்?

இரண்டாவது வேலிப்படியில் எண்ணினேன்: பதினான்கு.
மூன்றாவதில் பதினைந்து.
என்னையே இரண்டு தரம் எண்ணிவிட்டேனோ என்று
விரல் விட்டு மறுபடி எண்ணினேன்.
பதினைந்து.
ஆள் குறைந்தால் விசில் ஆறு முறை.
கூடினால் என்ன செய்வதென்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

ஆட்டுப்பட்டியின் கல்சுவரோரம் சாப்பாடு.
ஹிலரிக்கும் கோலெட்டுக்கும் நடுவே
பச்சைத் தொப்பி ஒன்று
எங்கள் இஞ்சி கேக்கைத் தின்றுகொண்டிருந்தது.
'நீங்கள் ரெக்ஸம் குழு இல்லைதானே?'
அவரே முந்திக்கொண்டு கேட்டார்.
இல்லை.
'ஒரு மணி நேரம் முன்பே சந்தேகம்தான்.
ஆனால் இந்தம்மா படகுக் கதையைத் தொடங்கியிருந்தார்.
பாதியில் எப்படிக் கிளம்புவது?'

இவோர் என்று பெயர்.
மேட்டின் மேல் கற்குவியலருகே
போனுக்கு உயிர் வந்தது. பேசினார்.
'என்ன சொன்னார்கள்?'
'அவர்கள் இன்னும் எண்ணவில்லையாம்.'
சிரித்தார்.
தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாகச் சிரித்தார்.
பிறகு போனைத் துடைத்தார்,
அது நனைந்திருக்கவில்லை.

இறக்கத்தில் என்னோடு கடைசியில் நடந்தார்.
படகுக் கதையை முதலிலிருந்து சொன்னார்.
பெயின்ட் கடை, மச்சான், கடன்,
படகை விற்ற பிறகுதான் தெரிந்தது
அதனுள்ளே பூனை குட்டி போட்டிருந்தது என்று.
பதினோரு வருடமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன்.
ஒரு கதையை முழுசாகக் கேட்டது அன்றுதான்.

இரவு ஈர பூட்ஸ்கள் உலரும் அறையின் நாற்றம்
சாப்பாட்டு மேசைவரை வந்து உட்கார்ந்தது.
பாசில் ஆட்டுக்கறிக் குழம்பைத் தீய விட்டார்,
எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டோம்.
குலுக்கலில் முதல் பரிசு இவோருக்கு:
வெங்காய ஊறுகாய், பெரிய பாட்டில்.
வெளியாள் ஜெயிக்கலாமா என்று
ரோசலிண்ட் விதி பேசினாள்.
பிறகு அவளே அதற்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தாள்.
பத்து மணிக்கு வாசலில் ஒரு கார்
இறங்காமலே இரண்டு முறை ஹார்ன் அடித்தது.

ஞாயிறு. கழுவி வைத்த மாதிரி மலை.
வேல்ஸ் முழுவதும் தெரிந்தது,
நேற்று நாங்கள் ஒரே பட்டியைச்
சுற்றிச் சுற்றி வந்ததும் தெரிந்தது.
டெஸ்மண்ட் வரைபடத்தை மடித்தார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் கேட். எண்ணினேன்.
பதினான்கு.
மறுபடி.
பதினான்கு.
'சரியா?' என்று முன்னாலிருந்து குரல்.
'சரி' என்றேன்.
கேட்டைப் பிடித்தபடி
கொஞ்சம் நின்றேன்.

'மூடும்மா சீக்கிரம்,
ஆடு வெளியே வருது!'